கல்லும் காதும்: ஒரு பத்தரின் பதில்கள்

போன மாதம் மூக்குத்தியைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களைவிட, இந்த மாதம் தோட்டைப் பற்றி வந்தவை இரண்டு மடங்கு. அதில் அதிசயமில்லை. மூக்கு ஒன்று, காது இரண்டு. கல்வேலை செய்கிறவனுக்குத் தலையிடியும் இரண்டு மடங்குதான். மோதிரத்துக்கு ஒரு நல்ல கல் கிடைத்தால் வேலை முடிந்தது. தோட்டுக்கு அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்று வேண்டும். இந்த மாதக் கேள்விகள் பலவற்றுக்குள்ளும் அந்த ‘இன்னொன்று’தான் ஒளிந்திருக்கிறது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: எனக்குக் கடை கிடையாது. அப்பா இருந்த பட்டறையில், அப்பா இருந்த பலகையில் இருந்து கல் பதிக்கிறேன். விற்பதற்கு ஒன்றுமில்லாததால் உள்ளதைச் சொல்ல முடிகிறது.

கனடாவில் இருக்கும் மகள் பிறந்தநாளுக்குத் தோடு அனுப்பியிருக்கிறாள். நடுவில் பச்சை கலந்த நீலக்கல், சுற்றிவரச் சின்னச் சின்ன வைரம். பின்பக்கம் 750 என்று குத்தியிருக்கிறது. இங்கே ஒரு கடையில் காட்டினால் ‘தரம் குறைந்த பவுண்’ என்கிறார்கள். பிள்ளை ஏமாந்துவிட்டாளா?
– ஓர் அம்மா, உவர்மலை

ஏமாறவில்லை அம்மா. 750 என்றால் ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம், அதாவது 18 கரட். நாங்கள் பழகிய 22 கரட்டில் 916 பங்கு. தங்கம் குறைவுதான், அதற்காகத் தரம் குறைவு என்று ஆகாது. உங்கள் கலியாணத்துக்குச் செய்த தோட்டை எடுத்துப் பாருங்கள். கல்லைச் சுற்றி முழுக்கப் பொன் வளைத்து, அடியையும் மூடியிருக்கும். அப்படிக் கட்டிப்பிடிப்பதற்கு மெதுவான 22 கரட் போதும், அதுதான் நல்லதும். மகள் அனுப்பியதில் கல்லை நாலு மெல்லிய நகங்கள் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழிருந்தும் வெளிச்சம் போகவேண்டும் என்பதற்காக அந்த வேலை. அந்த நகத்தை 22 கரட்டில் வைத்தால், சேலை முந்தானை நாலு தரம் இழுத்தாலே வளைந்துவிடும். கல் போய்விடும்.

பெட்டிக்குள் இருக்கும் அட்டையில் ‘கரட்’ இரண்டு இடத்தில் வரும். தங்கத்துக்கு வருவது தரம். கல்லுக்கு வருவது எடை. ஒரு கரட் என்றால் 0.2 கிராம். மொத்த வைரம் 0.40 கரட் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டு தோட்டுக்கும் சேர்த்த கணக்கு. ஒரு தோட்டில் 20 கல் எண்ணினேன் என்கிறீர்கள், அப்படியானால் ஒரு கல் 0.01 கரட், அகலம் ஒன்றேகால் மில்லிமீற்றர் சொச்சம். ஒரே கல்லாக 0.40 கரட் வைரம் வாங்குவதும் பொடி வைரம் நாற்பது வாங்குவதும் ஒரே விலை அல்ல. பக்கத்து வீட்டு மச்சாளிடம் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை மட்டும் மாதத்துக்கு ஒருதரம் செய்யுங்கள். பழைய பருத்தித் துணியால் தோட்டின் முகத்தை மெல்லத் தடவுங்கள். நூல் எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் நகம் எழும்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தோட்டைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். கிணுகிணு என்று கேட்டால் கல் ஆடுகிறது. உடனே ஒரு பத்தரிடம் கொண்டுபோங்கள்.

மகளின் திருமணத்துக்கு நீலக்கல்லில் தோடு செய்யப் போகிறோம். நல்ல கருநீலம் வாங்குவதா, வெளிர் நீலம் வாங்குவதா? கருநீலம்தான் உயர்ந்தது என்கிறார் என் கணவர்.
– ஒரு சகோதரி, கிண்ணியா

உங்கள் கணவர் கல்லை எங்கே வைத்துப் பார்த்தார் என்று கேளுங்கள். கடை மேசையில், வெள்ளைத் தாளில், மேலே விளக்கு வைத்துப் பார்த்திருப்பார். மோதிரம் அப்படித்தான் பார்க்கப்படும். தோட்டைக் கையளவு தூரத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. ஆறடி தள்ளி, கன்னத்து நிழலில், இரவு மண்டபத்தில் பார்ப்பார்கள். கருநீலம் அங்கே கறுப்புப் பொத்தான் மாதிரி நிற்கும். காதுக்கு நடுத்தர நீலம், அல்லது அதைவிடக் கொஞ்சம் வெளிர். இலங்கை நீலத்துக்கு உலகத்தில் பெயர் வந்ததே அது இருண்டு போகாமல் ஒளியை உள்ளே வைத்திருப்பதால்தான்.

நம் நாட்டுக் கல்லில் ஒரு சூட்சுமம் உண்டு. நீலம் கல் முழுக்கப் பரவியிருக்காது. ஒரு மூலையில் மட்டும் நிறம் இருக்கும், மிச்சம் தண்ணீர் போல. இரத்தினபுரியில் பட்டை தீட்டுகிறவர் அந்த நிறத் துளியைக் கல்லின் அடி முனையில் வருமாறு வெட்டுவார். மேலிருந்து பார்த்தால் முழுக் கல்லும் நீலம். பக்கவாட்டில் சரித்துப் பார்த்தால் பாதி வெள்ளை. இது மோசடி இல்லை, கைவேலை. ஆனால் தோடு ஆடுகிற பொருள், பக்கவாட்டிலும் தெரியும். ஒரு கல்லில் துளி நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் இருந்தால், மகள் தலையைத் திருப்பும்போது ஒரு காது நீலம், ஒரு காது வெள்ளை என்று ஆகும். இரண்டு கல்லையும் விரலிடுக்கில் ஒன்றாகப் பிடித்துச் சரித்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் அவசரமில்லை என்று சொல்லுங்கள்.

நீலக்கல் எனக்கு ஆகுமா? சிலருக்கு ஆகாது என்கிறார்களே.
– வாசகர், நிலாவெளி

அதற்குச் சாத்திரியார் இருக்கிறார். நான் பதித்த நீலத்தால் யாரும் கெட்டதாகத் தெரியவில்லை. கடன் வாங்கி நீலம் வாங்கிக் கெட்டவர்களைத் தெரியும்.

கொழும்பில் ஒரு சோடி பத்மராகத் தோடு பார்த்தேன். ஒவ்வொரு கல்லும் ஒன்றரைக் கரட் அளவு. ஒரு கல்லின் விலையைக் கேட்டு இரண்டால் பெருக்கிப் பார்த்தால், சோடி விலை அதைவிட மிக அதிகம். கூடவே ‘சுட்ட கல்’ என்கிறார்கள். சுட்டது என்றால் போலியா?
– திருமலையைச் சேர்ந்தவர், இப்போது வெள்ளவத்தை

முதலில் பெயர். பழைய நூல்களில் பதுமராகம் என்றால் மாணிக்க வகை, சிவப்பு. இன்று வியாபாரத்தில் பத்மராகம், வெளிநாட்டு வியாபாரிகள் வாயில் பத்பராட்ஷா என்பது நீலக்கல்லின் சகோதரம். இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனியம். நிறம் ரோசாவும் செம்மஞ்சளும் கலந்தது. ‘தாமரை நிறம்’ என்று எழுதிவைப்பார்கள். எனக்கு அது வெட்டிய கொய்யாப்பழத்தில் பப்பாசிச் சாறு தெளித்த நிறம். ரோசா கூடினால் ரோசாக் கல், மஞ்சள் கூடினால் செம்மஞ்சள் கல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கின பாதையில் நிற்பதற்குத்தான் அந்தப் பெயரும் அந்த விலையும். எல்லை எது என்று ஆய்வுகூடங்களே ஒன்றோடொன்று முரண்படும்.

அந்த ஒடுங்கின பாதையில் ஒரு கல் கிடைப்பதே அருமை. அதே கலவையில், அதே அளவில் இன்னொன்று கிடைப்பதற்கு வியாபாரி வருடக்கணக்கில் காத்திருப்பார். நீங்கள் இரண்டால் பெருக்கியது சந்தைக்கணக்கு, அவர் சொன்னது காத்திருந்த கணக்கு. அதனால் விலை ஏறுவது நியாயம். எவ்வளவு ஏறலாம் என்பது உங்கள் வாய்ச் சாமர்த்தியம்.

இனி சுடுவது. நம் நாட்டில் பல நூறு வருடமாக, ஊதுகுழலும் கரியும் வைத்து மாணிக்கத்தைச் சுட்டு அதிலுள்ள நீலச் சாயலைப் போக்குவார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து, இங்கே கெவுடா என்று ஒதுக்கிப் போட்டிருந்த பால்நிறக் கற்களைக் கொள்ளை மலிவாக வாங்கிப் போனார்கள். கடும் சூட்டில் வைத்ததும் அவை அருமையான நீலமாயின. அதற்குப் பிறகுதான் நம்மவர்களுக்குக் கண் திறந்தது. வெறும் சூடு மட்டும் பட்ட கல் இயற்கைக் கல்தான். சொல்லி விற்றால் குற்றமில்லை. சுடாததற்கு விலை அதிகம், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது வேறொரு சூடு. 2000களின் தொடக்கத்தில் தாய்லாந்திலிருந்து திடீரென்று பத்மராக நிறக் கற்கள் சந்தையில் குவிந்தன. அருமையான கல் ஒரே வருடத்தில் எப்படி மூட்டை மூட்டையாக வரும்? வெளிறிய கல்லோடு பெரிலியம் என்ற மூலகத்தைச் சேர்த்துச் சுட்டு, அந்த நிறத்தை உள்ளே ஏற்றியிருந்தார்கள். அதை என் கண்ணாடியால் பிடிக்க முடியாது, கடைக்காரரின் கண்ணாடியாலும் முடியாது. பெரிய ஆய்வுகூடக் கருவிதான் வேண்டும். இன்னொன்றும் உண்டு: சில கற்களில் அந்தச் செம்மஞ்சள் நிலைப்பதில்லை. வெளிச்சத்தில் சில நாள் இருந்தால் வெளிறி, வெறும் ரோசா மிஞ்சும். சோடியில் ஒன்று வெளிறி மற்றது வெளிறாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே விலை பேசமுதல் மூன்றைக் கேளுங்கள். வெறும் சூடா, பெரிலியமா? நிறம் நிலைக்குமா என்று பார்த்தார்களா? இரண்டு கல்லுக்கும் தனித்தனியே சான்று உண்டா? தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்குக் கொழும்பில் சொந்த ஆய்வுகூடம் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறினால் அரை மணித்தியாலம். இந்தக் காசு கொடுக்கிற நீங்கள் அந்தப் பஸ் காசையும் கொடுக்கலாம்.

வைரத்தோடு வாங்கி இரண்டு வருடம். இப்போது கண்ணாடித் துண்டு மாதிரி மங்கிக் கிடக்கிறது. வைரம் மங்குமா? கடல்காற்று காரணமா?
– வாசகி, உப்புவெளி

கடல்காற்றின் மேல் பழி போடாதீர்கள், அது வைரத்தை ஒன்றும் செய்யாது. காரணம் உங்கள் தலையில் இருக்கிறது: தேங்காயெண்ணெய். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை என்றால் உயிர். தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். தென்னாபிரிக்கச் சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே வைரத்தைப் பிரித்தார்கள். கிறீஸ் பூசின சரிவு மேசையில் கல்லும் மண்ணும் கலந்த தண்ணீரை ஓடவிட்டால், மற்றக் கல்லெல்லாம் வழுக்கிப் போகும், வைரம் மட்டும் கிறீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் காதிலும் அதுதான் நடக்கிறது. எண்ணெய் கல்லின் பின்பக்கம் படிய, அதில் பவுடரும் தூசியும் சேர, வெளிச்சம் போய்த் திரும்ப வழியில்லாமல் போகிறது.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு இருபது நிமிடம் ஊறவையுங்கள். குழந்தைகளின் மெல்லிய பல் தூரிகையால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் தேயுங்கள். பற்பசை வேண்டாம், அது தங்கத்தைக் கீறும். கழுவுமுதல் தொட்டியின் ஓட்டையை அடைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், குழாயைக் கழற்றி வைரம் தேடின வீடுகள் எனக்குத் தெரியும்.

இது நகம் வைத்த, பின்பக்கம் திறந்த தோட்டுக்கு மட்டும். அம்மம்மா காலத்து அடி மூடின தோட்டைத் தண்ணீரில் போடாதீர்கள். கல்லுக்கு அடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்திருப்பார்கள், ஈரம் போனால் அது கறுத்துவிடும். முத்தையும் ஊறவைக்கக்கூடாது.

மரகதத்துக்கு இன்னும் கவனம். அதை நான் சுட்டுத் தெரிந்துகொண்டவன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம், ஒரு தோட்டின் கம்பி முறிந்து வந்தது. நடுவில் பச்சைக்கல், சுண்டுவிரல் நகம் அளவு. கல்லைக் கழற்றி ஒட்டவேண்டும் என்று தெரியும். கழற்றினால் ஒரு மணித்தியாலம் போகும், கழற்றாவிட்டால் ஐந்து நிமிடம். ஈரத்துணியைக் கல்லின் மேல் சுற்றிக்கொண்டு ஊதுகுழலால் தீயை ஊதினேன். ஒட்டவைக்கும் பொடி உருகிப் பிடித்தது, கம்பி அழகாக ஒட்டியது. துணியை எடுத்தேன். பச்சைக்குள் வெள்ளையாக ஒரு கொப்பு, அதில் கிளைகள், இலை கழன்ற முருங்கைக் காம்பு மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கிளை ஓடியது. மரகதத்தில் பிறவியிலேயே வெடிப்பு இருக்கும், அதை மறைக்க எண்ணெய் ஊட்டியிருப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சூட்டில் எண்ணெய் போய்விட்டது. பழைய வெடிப்பு வெளியில் வந்தது, புது வெடிப்பும் சேர்ந்தது. அப்பா அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை. அந்தக் கல்லுக்கு ஈடு கொடுத்து முடிய ஏழு மாதமாயிற்று.

அதனால்தான் சொல்கிறேன்: கடைகளில் ஒலி அதிர்வால் நகை கழுவும் பெட்டி வைத்திருக்கிறார்கள். வைரத்தைப் போடலாம். மரகதம் சேர்ந்த தோட்டைப் போட விடாதீர்கள்.

தோட்டை அடகு வைக்கப் போனால் கல்லுக்கு எடை கழிக்கிறார்கள். வாங்கும்போது கல்லோடு சேர்த்துத்தானே நிறுத்தார்கள்?
– வாசகி, மூதூர்

அடகில் கழிப்பது சரி, வாங்கும்போது சேர்த்ததுதான் பிழை. கணக்கைப் பாருங்கள். தோடு மொத்தம் 12 கிராம், கல் 6 கரட் என்றால் கல் 1.2 கிராம். தங்கம் 10.8 கிராம்தான். 12 கிராமுக்கும் தங்க விலை வாங்கிவிட்டு, கல்லுக்கு வேறு விலை போட்டால் அந்த 1.2 கிராமுக்கு இரண்டு தரம் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்தமுறை ரசீதில் தங்க எடை, கல் எடை, கல் விலை மூன்றையும் தனித்தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் மோர் தந்தாலும் குடிக்காமல் எழும்பி வாருங்கள்.

அப்பம்மாவின் எட்டுக்கல் வைரத்தோடு என் பங்குக்கு வந்தது. விற்கும் எண்ணமில்லை, பெறுமதி அறியக் காட்டினேன். கருவியை வைத்துவிட்டு ‘வைரமில்லை, கண்ணாடி’ என்றார்கள். அப்பம்மா ஏமாந்தாரா, பொய் சொன்னாரா என்று இரவெல்லாம் யோசனை.
– வாசகி, தம்பலகாமம்

அப்பம்மா பொய் சொல்லவில்லை. நீங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்த அன்று சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

வைரமா என்று பார்க்கும் அந்தப் பேனைக் கருவி, கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று மட்டும்தான் பார்க்கும். வைரம் என்றால் கத்தும். இல்லையென்றால் பெரும்பாலும் சும்மா இருக்கும். சும்மா இருந்தால் கண்ணாடி என்று அர்த்தமில்லை, வைரமில்லை என்று மட்டும் அர்த்தம்.

அப்புறம் நான் பத்து மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடியை எடுத்தேன். கல்லின் முகத்தின் ஊடாக அடிப்பட்டைகளின் விளிம்பைப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் இரண்டிரண்டாகத் தெரிந்தது, கள்ளுக் குடித்தவன் தெருவிளக்கைப் பார்த்த மாதிரி. உங்களையும் பார்க்கச் சொன்னேன், நீங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தீர்கள். வைரத்தில் கோடு ஒற்றையாகத்தான் தெரியும். கண்ணாடியிலும் ஒற்றைதான். இவ்வளவு பளிச்சென்று இரட்டிக்கிற வெள்ளைக்கல் என்றால் ஒன்று மொய்சனைட் என்ற ஆலைக் கல், அது நகைக்கடைக்கு வந்தது 1990களின் பிற்பகுதியில். அப்பம்மாவின் கலியாணத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. மற்றது சிர்க்கோன். நிறமில்லாத சிர்க்கோனுக்கு நம் நாட்டில் இன்னொரு பெயர் இருந்தது: மாத்தறை வைரம். தெற்கே மாத்தறைப் பக்கம் கிடைத்ததால் வந்த பெயர். வைரத்துக்கு வசதியில்லாத வீடுகளில் அதைத்தான் கட்டினார்கள். பத்தரும் வைரம் என்றார், வீட்டாரும் வைரம் என்றார்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இப்போது கடைகளில் விற்கும் ‘சிசட்’ என்கிற கியூபிக் சிர்க்கோனியாவோடு இதைக் குழப்பாதீர்கள். அது ஆலையில் செய்வது. உங்களுடையது மண்ணிலிருந்து வந்தது. பூமியிலேயே உருவான பொருள்களில் இதுவரை கண்டெடுத்த மிகப் பழையது ஒரு சிர்க்கோன் துணிக்கைதான். மேற்கு அவுஸ்திரேலியாவில் எடுத்தது, வயது சுமார் 440 கோடி வருடம்.

காசுக் கணக்கில் வைரத்துக்குக் கிட்டவும் வராது, அதையும் சொல்லவேண்டும். கல்லின் விளிம்புகள் தேய்ந்திருப்பதைக் காட்டினேன் அல்லவா? சிர்க்கோன் நொய்மையானது. கடதாசியில் ஒன்றாகச் சுற்றிவைத்தாலே ஒன்றோடொன்று உரசி விளிம்பு உதிரும். இரண்டு தோட்டையும் தனித்தனிப் பஞ்சுத் துணியில் வையுங்கள். பட்டையை மறுபடி தீட்டலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அந்தத் தேய்மானம் அப்பம்மாவினுடையது.

ஆசிரியர் சம்பளம். திருமண நாளுக்கு மனைவிக்கு ஒரு சோடித் தோடு, யாரிடமும் இல்லாத கல்லாக வேண்டும். நடக்கிற காரியமா?
– வாசகர், தம்பி என்றே அழைக்கலாம், லிங்கநகர்

நடக்கும் தம்பி. அருமை வேறு, விலை வேறு. யாரும் கேட்காத கல் எவ்வளவு அருமையானாலும் மலிவாகவே கிடக்கும்.

1945 இல் டப்ளின் நகரத்தில் டாஃப் என்றொருவர், ஒரு நகைக்காரரிடம் பழைய கற்கள் கொஞ்சம் வாங்கினார். அதில் இளம் ஊதாவாக ஒன்று, ஸ்பினெல் என்கிற கல் என்றே நினைத்தார். கண்ணாடியில் பார்த்தால் கோடு இரட்டிக்கிறது, ஸ்பினெல் இரட்டிக்காது. தம்பலகாமத்துத் தோட்டில் நான் பார்த்த அதே வித்தைதான். ஆராய்ந்தால் உலகம் அறியாத புதுக் கனியம். டாஃபைட் என்று பெயர் வைத்தார்கள். பட்டை தீட்டி முடித்த கல்லில் ஒரு புதுக் கனியம் பிடிபட்டது அதுதான் முதல் தடவை. பிற்பாடு அது இலங்கையிலும் கிடைத்தது. நம்மவர்கள் எத்தனை டாஃபைட்டை ஸ்பினெல் என்று விற்றார்களோ! 1952 இல் இன்னொன்று: அதுவரை பழுப்பு நிறப் பெரிடொட் என்று நினைத்திருந்த கல் வேறு கனியம் என்று தெரிந்து, இந்தத் தீவின் பழைய பெயரால் சின்ஹலைட் ஆனது.

டாஃபைட் உங்கள் சம்பளத்துக்கு வேண்டாம், சோடியும் கிடைக்காது. சின்ஹலைட் தேடினால் கிடைக்கும், தேன் நிறம், ஆனால் அதற்கும் அலையவேண்டும். என்னைக் கேட்டால் ஸ்பினெல். சாம்பல் ஊதா, வாடின ரோசா, புகை படிந்த நீலம் என்று பெயரில்லாத நிறமெல்லாம் அதில் வரும். கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் 8, நாலு தலைமுறை காதில் கிடக்கும். பெரும்பாலும் சுடாமலே வரும். பிரித்தானிய மகுடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று நூற்றாண்டுக் கணக்கில் கொண்டாடினார்களே, அது மாணிக்கமே இல்லை, ஸ்பினெல். சாம்பல் ஊதாவில் ஒரு கரட்டுக்கு உள்ளே இரண்டு கல் பாருங்கள். வைரம் சேர்க்க ஆசை என்றால் மேலே கொளுவியில் ஒன்று வையுங்கள், போதும். சுற்றிவர வைத்தால் அந்த மெல்லிய நிறம் அமுங்கிப் போகும். மனைவிக்குப் பிடிக்காவிட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

1990 இல் இடம்பெயர்ந்து ஓடும்போது அம்மாவின் ஒரு தோடு எங்கோ விழுந்துவிட்டது. மற்றதை இன்றுவரை வைத்திருக்கிறார். அம்மாவுக்கு 81 வயது. நடுவில் உள்ள கல் பகலில் ஒரு நிறம், விளக்கில் ஒரு நிறம். கப்பல்காரர் ஒருவரிடம் தாத்தா வாங்கிய அலெக்சாண்டிரைட் என்பார். சில வருடமாக நிறம் மாறுவதில்லை, ‘கல் செத்துப்போயிற்று’ என்று கவலைப்படுகிறார். இதற்குச் சோடி செய்ய முடியுமா?
– மகன், சாம்பல்தீவு

கல் சாகவில்லை. வீட்டில் மின்குமிழை மாற்றியிருப்பீர்கள். பழைய மஞ்சள் குமிழில், எண்ணெய் விளக்கில் சிவப்பு ஒளி அதிகம், இந்த வகைக் கல் அதற்குத்தான் நிறம் மாறும். இப்போதைய வெள்ளை எல்.இ.டி. குமிழ் அதன் கண்ணுக்குப் பகல்தான். சாமி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

நீங்கள் விட்டுப்போன தோட்டை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். காலையில் வாசலில் பிடித்தால் சாம்பல் நீலம். இரவு விளக்கில் ஊதாச் சிவப்பு. பச்சை எந்த நேரத்திலும் வரவில்லை. உண்மையான அலெக்சாண்டிரைட் பகலில் பச்சைப் பக்கம் போகவேண்டும். ரஷ்யாவின் ஊரல் மலையில் 1830களில் கிடைத்த கல் அது, மரகதச் சுரங்கத்தில் எடுத்ததால் மரகதம் என்றே முதலில் மயங்கினார்கள். சந்தேகம் வந்ததும் கல்லைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்தி, கண்ணாடியால் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய வளைகோடுகள், இசைத்தட்டின் வரி மாதிரி. மண்ணுக்குள் வளர்ந்த கல்லில் வரி நேராக ஓடும், வளையாது. வளைந்தால் அது சுவாலையில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்த கல். பிரான்சில் வெர்னோய் என்பவர் 1902 இல் வெளியிட்ட முறை. அப்படிச் செய்த குருந்தத்தில் வனேடியம் என்ற மூலகத்தைச் சேர்த்து நிறம் மாறவைத்து, துறைமுகம் துறைமுகமாக அலெக்சாண்டிரைட் என்று விற்றார்கள். நம் திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை 1957 வரை இருந்தது. தாத்தாவைப் போல வாங்கியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். நான் யோசித்துவிட்டேன். அது உண்மையான அலெக்சாண்டிரைட்டாக இருந்திருந்தால், இந்தக் கடிதத்துக்கு ‘முடியாது’ என்று ஒரு வரி பதில்தான் எழுதியிருப்பேன். அந்தக் கல்லுக்குப் பகலிலும் பொருந்தி, விளக்கிலும் பொருந்தும் சோடி தேட உங்கள் வளவையே விற்கவேண்டும். இது ஆலைக் கல். இன்றும் அதே முறையில் செய்கிறார்கள், விலையும் பெரிதல்ல. தெரிந்த ஒருவரிடம் 7க்கு 5 மில்லிமீற்றர் நீள்வட்டத்தில் நாலு கல் கேட்டிருக்கிறேன். நாலில் ஒன்று பொருந்தும்.

பொன்னும் ஒத்துவர வேண்டும். பழைய தோட்டில் செம்பு கொஞ்சம் கூட, அதனால் ஒரு சிவப்பு ஓடுகிறது. புதியதையும் அப்படியே உருக்குகிறேன். தேய்ந்ததை மெருகு போடமாட்டேன், புதியதைத் தேய்ப்பதும் இல்லை. அது காதில் கிடந்து தானே தேயட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். தோட்டின் கொடிவேலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மற்றதை எதிர்ப்பக்கம் சாய்த்துச் செய்யவேண்டும், அது சரி. ஆனால் கம்பியை வளைக்க, மிஞ்சியது வலக்காதா இடக்காதா என்று எனக்குத் தெரியவேண்டும். தோட்டைப் பார்த்து ஒரு ஊகம் வைத்திருக்கிறேன், இருந்தாலும் கேட்டே செய்யவேண்டும். வெயில் ஏறுமுதல், ஒன்பது மணிபோல அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் படி உயரம், பிடித்து ஏற்றலாம்.